மடைத் தெரு மேலே போன கதை

அயனம்பாக்கத்தில் ஏரியை ஒட்டி மடைத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று மட்டும் கிளம்புவதற்கு முன்னால் விசாரித்துக்கொண்டு போவது நல்லது. இந்தக் கதையில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்களே என்ற பயத்தில் பல இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தெருவில் கோவிந்தன் வீடு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். அவருடைய அப்பா அதே ஏரியின் பாசனத்தில் ஊரார் வயலுக்கு நாற்று நட்டவர். வயல்கள் மனைகளானபோது ஓரமாக ஒரு துண்டு நிலம் மிஞ்சி அவர் கைக்கு வந்தது. ஏரி நிரம்பினால் என்ன ஆகும் என்று காலால் அறிந்தவர் ஆகையால், தெருவிலிருந்து நாலு படி ஏறிப் போகும்படி வீட்டைக் கட்டினார்.

பிறகு தெருவுக்குத் தார் ரோடு வந்தது. ரோடு கெட்டால் அதன் மேலேயே இன்னொரு ரோடு போட்டார்கள். அது கெட்டால் அதன் மேல் இன்னொன்று. வெந்த தோசையை எடுக்காமலே அதன் மேல் அடுத்த தோசையை வார்க்கிற சமையல்காரனை எந்த ஓட்டலிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ரோடு விஷயத்தில் அவனுக்குத்தான் டெண்டர். தேர்தலுக்கு ஒரு ரோடு, தேர்தல் முடிந்த சந்தோஷத்துக்கு ஒரு ரோடு என்று வந்துகொண்டே இருந்ததில், ஒவ்வொரு ரோடும் கோவிந்தன் வீட்டுப் படி ஒன்றை விழுங்கியது. படிகள் தீர்ந்ததும் வாசலை விழுங்கியது. கடைசியில் கோவிந்தன் தன் வீட்டுக்குள் இறங்குவதற்கு உள்பக்கமாகப் படி கட்டிக்கொண்டார். தெருவில் போகிறவர்கள் அவர் வீட்டு மின்விசிறியை மேலிருந்து பார்த்தார்கள். ஒரு நாள் கொரியர்காரர் ஒருவர் ஜன்னல் சன்ஷேடின் மேல் உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, காலடியில் தெரிந்த முகத்திடம், “கோவிந்தன் வீடு எங்க சார் இருக்கு?” என்று கேட்டார்.

“உக்காந்துகினு கீறியே, அதான்,” என்றார் கோவிந்தன்.

மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போன ஐப்பசியில் கூடத்திலிருந்த ஃப்ரிட்ஜ் தானாகவே மிதந்து சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தது. அதை அங்கே மாற்றச் சொல்லித்தான் கோவிந்தனின் மனைவி ராஜம்மா வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். இருந்தும் அவருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. வெள்ளம் வடிந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

“இந்தாய்யா, நல்லா கேட்டுக்கோ. வர்ற மழைக்கும் ஊட்டுக்குள்ள தண்ணி வந்துச்சினா இந்த பக்கெட்ட நா தொட மாட்டேன். பையத் தூக்கிகினு மாங்காட்டுல எங்க அண்ணன் ஊட்டுக்குப் பூடுவேன். நீ மீன் வளத்துகினு இங்கயே கெட.”

“காமாட்சியம்மன வேணா வேண்டிக்கலாமா ராஜி?”

“அவ வந்து ரோட்டச் சொரண்டுவாளா? பழைய ரோட்டச் சொரண்டிட்டு அப்பால புச்சு போடச் சொல்லுய்யா. யாரு போட்றானோ அவனாண்ட போய்ச் சொல்லு.”

கோரிக்கை அவ்வளவுதான். ராஜம்மா ஒரு தடவை போனால் போனவர்தான் என்பதும், அவருடைய அண்ணன் வீட்டில் மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்பதும் கோவிந்தனுக்குத் தெரியும். மறுநாளே லீவு போட்டார்.

அந்தப் பகுதி ரோடுகளையெல்லாம் அப்போது புதிதாக ஒரு முகமையிடம் ஒப்படைத்திருந்தார்கள். நியாயமான, நிலைத்த நகர வளர்ச்சி ஊக்குவிப்பு முகமை என்று பெயர். பெயர்ப் பலகை அடுத்த கட்டடம் வரை நீண்டிருந்தது. அலுவலகம் ஆறாவது மாடியில். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏறி வருகிறவர்களுக்கு வேர்க்கிறது என்பதற்காக ஏ.சி.யைப் பதினாறில் வைத்திருந்தார்கள். ஊழியர்களுக்குக் குளிர்கிறது என்பதற்காக ஆளுக்கொரு ஹீட்டர் கொடுத்திருந்தார்கள். ஜன்னல்களையெல்லாம் மூடி, அவற்றின் மேல் காட்டு மரங்களின் படத்தை ஒட்டியிருந்தபடியால் பட்டப்பகலில் அத்தனை விளக்குகளும் எரிந்தன.

கைத்தறிப் புடவையும் சுடுமண் தோடுமாக ஓர் இளம்பெண் வந்து, தன் பெயர் ஸ்வாதி என்றும், முகமையின் ஆலோசகர் என்றும் சொல்லிவிட்டு, கோவிந்தனின் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“சொல்லுங்க சார். உங்க வலி என்ன?”

“முட்டிதான் மேடம். ஆறு மாடி ஏறிகினு வந்தனா.”

ஸ்வாதி அதைக் குறித்துக்கொண்டு, அவரை இயக்குநர் ராகவனிடம் அழைத்துப் போனார். ராகவன் மூன்று தேசங்களில் நகரங்களைப் பற்றிப் படித்தவர். எந்த நகரத்திலும் நடந்தவர் அல்ல. கோவிந்தன் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

“முதல்ல ஒண்ணைத் தெளிவுபடுத்திடறேன் கோவிந்தன். நாங்க எதையும் செய்யறதில்ல. ஊக்குவிக்கிறோம். செய்யறது சுலபம், யார் வேணா செய்வாங்க. ஒண்ணுமே செய்யாம ஊக்குவிக்கிறதுக்குத்தான் ஆள் கிடைக்கறதில்ல.”

“அப்ப ரோடு யாரு சார் போட்றது?”

“ரோடு நாங்கதான் போடறோம். ஆனா அதைச் செய்யறதா நாங்க நினைக்கல.”

“நெனைக்காட்டி போவட்டும் சார். பழச சொரண்டிட்டுப் போட்டா போதும். ஊட்டுக்குள்ள தண்ணி வராது.”

ராகவன் கண்ணைத் திறந்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“ஒரு ரோட்டைப் பேத்து எறியச் சொல்றீங்க. எவ்வளவு பெரிய வீண் தெரியுமா அது? நிலைத்தன்மைன்னா இருக்கிறது இருக்கணும். எங்க முகமை இதுவரைக்கும் ஒரு ரோட்டைக்கூட வீணாக்கினது கிடையாது. போட்ட ரோடு எல்லாம் பத்திரமா உள்ளயே இருக்கு. வேற எந்த ஊர்லயாவது இப்படிச் சொல்ல முடியுமா?”

கோவிந்தன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆனாலும் முகமை அவரைக் கைவிடவில்லை. மடைத் தெருவையே மாதிரித் தெருவாக எடுத்துக்கொள்வதென்று அன்றைக்கே முடிவாயிற்று. முதல் கட்டமாக, தெரு முனையில் கோவிந்தன் வீட்டை ஒட்டி இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்ட அறையில் மக்கள் கருத்துக் கேட்பு நடந்தது.

குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து முடிந்ததும் மக்களுக்கு நேரம் குறைவாகவே மிஞ்சியது. ஸ்வாதி எல்லோருக்கும் வண்ணத் துண்டுத்தாள்கள் கொடுத்தார். பச்சையில் கனவை எழுத வேண்டும். மஞ்சளில் நம்பிக்கை. ரோஸில் வலி. தெருக்காரர்கள் பச்சையிலும் மஞ்சளிலும் ரோஸிலும் ‘ரோட்டைச் சொரண்டிட்டுப் போடுங்க’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஸ்வாதி அத்தனையையும் வெள்ளைப் பலகையில் ஒரு மரத்தின் வடிவத்தில் ஒட்டினார். தள்ளி நின்று பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பிறகு வந்த அறிக்கையில், ‘மடைத் தெரு மக்கள் ஒரே குரலில் பேசுகிறார்கள். ஒற்றுமை உணர்வில் இத்தெரு முதலிடம் பெறுகிறது’ என்று இருந்தது. குரல் என்ன சொன்னது என்று எழுதப் பக்கத்தில் இடம் இல்லை.

கடைசியில் பேச எழுந்தவர் சம்பந்தம். குடியிருப்போர் சங்கச் செயலாளர். தென்காசியிலிருந்து வந்து, ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, முதல் மாடியில் ஃபிளாட் வாங்கியவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்களால்தான் இந்த மாதிரிக் கூட்டங்களில் பெரிய சேதம் விளைகிறது.

“எனக்கு ரொம்ப நாளா ஒரு உறுத்தல் சார். காலையில பால்கனியில நின்னு காபி குடிக்கேன். கீழ பாத்தா கோவிந்தன் அண்ணாச்சி வீட்டு மொட்டை மாடிதான் தெரியுது. நான் மேல, அவர் கீழ. காபி தொண்டையில எறங்க மாட்டேங்கு.”

ராகவன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “இதுதான். இதைத்தான் தேடிட்டு இருந்தோம். பிரச்சினை தண்ணியே இல்ல. மேல், கீழ்ங்கிறதுதான் பிரச்சினை. இனிமே இந்தத் தெருவுல எல்லாம் ஒரே மட்டம். அதுக்குப் பேரு சமநிலை மட்டம்.”

கைதட்டல் ஓய்ந்தது. வீட்டுக்கு நடக்கும்போது ராஜம்மா கேட்டார். “இன்னாய்யா சொல்றான் அந்தாளு? சொரண்டுவானா மாட்டானா?”

“மட்டம்ன்றாரு.”

“அது எனக்கே தெரியுது.”

இனி முகமையை நம்பிப் பயனில்லை என்று கோவிந்தன் பி.எஃப். பணத்தை எடுத்தார். வேம்புலியைக் கூப்பிட்டார். சென்னைப் பக்கத்தில் தெருவுக்குக் கீழே போய்விட்ட வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள் அல்லவா, அதில் வேம்புலி பேர்போனவர். சுவருக்கு அடியில் தோண்டி, வரிசையாக ஜாக்கிகளைச் செருகி, ஆளுக்கு ஒன்றாக நிறுத்தி வைத்து விசில் ஊதுவார். ஒவ்வொரு விசிலுக்கும் எல்லோரும் சேர்ந்து ஒரு சுற்று. வீடு மயிரிழை ஏறும். கீழே செங்கல் அடுக்கிக்கொண்டே போவார்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியேறக்கூட வேண்டாம்.

“அக்கா, நீங்க பாட்டுக்கு தோச ஊத்துங்க. தோச வட்டமா வல்லன்னா மட்டும் சவுண்டு குடுங்க, அந்தாண்ட பக்கம் ஒரு சுத்து வுட்றேன்,” என்றார் வேம்புலி.

ராஜம்மா இரண்டு தடவை சவுண்டு கொடுத்தார். வீடு தெருவுக்கு மேல் இடுப்பளவு எழும்பி நின்றது. வாசலில் புதிதாகப் படிகள் கட்டி, முதல் படிக்கு மஞ்சள் பூசிக் கோலம் போட்டு, ராஜம்மா அதில் ஒரு ராணியைப் போல் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தார். இந்தச் சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது.

அடுத்த வாரம் முகமை அளக்க வந்தது. கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்க்கு மாலை போட்டு, ரிப்பன் வெட்டி, கோவிந்தன் வாசலில் பிடித்துப் பார்த்தார்கள். ராகவன் முகம் வாடிவிட்டது.

“நேத்து வரைக்கும் நீங்க பாதிக்கப்பட்டவர். இன்னைக்கு நீங்களே ஆதிக்கம் பண்றீங்களே கோவிந்தன்.”

“நா இன்னா சார் பண்ணேன். ஊட்டத்தான தூக்குனேன்.”

“ரோடு கீழ இருக்கு. நீங்க மேல. தினமும் அந்த ரோட்டுல நடக்கிற ஏழை எளியவங்க உங்களை அண்ணாந்து பாக்க வேண்டியிருக்கு. கழுத்து வலிக்காதா?”

கழுத்து வலிக்காமல் இருக்க ரோட்டை உயர்த்தினார்கள். கோவிந்தன் வீட்டு வாசல் வரைக்கும் ஜல்லியும் தாரும் கொட்டிச் சமமாக்கினார்கள். இப்போது கோவிந்தன் சமம். ஆனால் எதிர்வரிசை வீடுகள் பள்ளம். அவர்களும் வேம்புலியைக் கூப்பிட்டார்கள். அவர் தூக்கியதில் அந்த வரிசை கொஞ்சம் தாராளமாகவே உயர்ந்துவிட்டது. உடனே ரோடு உயர்ந்தது. உடனே கோவிந்தன் பள்ளம். மறுபடியும் விசில்.

வேம்புலி ஜாக்கிகளைத் திரும்ப எடுத்துப் போவதையே விட்டுவிட்டார். பால் பாக்கெட் போடுகிற மாதிரி மாதத்துக்கு ஒரு தடவை வந்து எல்லா வீட்டையும் தூக்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு. ஒவ்வொரு தடவையும் புதுப்படிகள் கட்டினார். ஒவ்வொரு தடவையும் அவற்றை ரோடு மூடியது. தெருவிளக்கு இடுப்பளவுக்கு வந்துவிட்டது. ராஜம்மா அதன் தகட்டில் அப்பளம் காயவைத்தார். கம்பத்தைத் தேடி வந்த நாய்கள் பல்பைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்து திரும்பின. வேப்பமரத்தின் உச்சிக்கிளைகள் புதராகத் தரையில் கிடந்தன, காக்கைகள் அவமானத்தில் தெருவையே காலி செய்தன. ஷேர் ஆட்டோக்காரர்கள், “மேல் அயனம்பாக்கம், மேல் அயனம்பாக்கம்” என்று கூவி, ஏற்றத்துக்குத் தனியாக வாங்கினார்கள். மழைநீர் வடிகால் எங்கேயோ அடியாழத்தில் புதைந்துபோனதால், திறந்த சாக்கடை இல்லாத தெரு என்று முகமைக்கு ஒரு சான்றிதழ் வந்தது.

அடுக்குமாடியில் தரைத்தளம் பூமிக்குள் போயிற்று. அதைப் பில்டர் ‘இயற்கைக் குளிர்ச்சியுள்ள வீடுகள்’ என்று விளம்பரப்படுத்தி இன்னும் அதிக விலைக்கு விற்றார். சம்பந்தம் முதல் மாடி பால்கனியிலிருந்து நேராகத் தெருவில் கால் வைத்து, கோவிந்தன் வாசலுக்கே டம்ளரோடு வந்தார்.

“இப்பதான் அண்ணாச்சி காபி ஒழுங்கா எறங்குது.”

“எங்க ஊட்ல படி எறங்கிகினே போது சார்,” என்றார் கோவிந்தன்.

ஏரி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ‘ஊக்குவிப்புக்கு ஏரி போதிய ஒத்துழைப்பு தரவில்லை’ என்று முகமையின் ஆண்டறிக்கையில் ஒரு வரி இடம்பெற்றது.

ஐப்பசி நெருங்கியது. உலக நகரங்களின் நியாயத்துக்காகவே இருக்கிற ஒரு பேரவை, மடைத் தெருவுக்கு விருது கொடுக்க ஐரோப்பாவிலிருந்து ஓர் அம்மையாரை அனுப்புவதாகக் கடிதம் வந்தது. அவர் வருவதற்குள் இன்னொரு ரோடு போட்டாக வேண்டும் என்றார் ராகவன். அது ஜன்னலின் அடிக்கட்டை வரைக்கும் வந்தது. கோவிந்தன் வேம்புலியிடம் ஓடினார்.

வேம்புலி வீட்டைச் சுற்றி வந்து, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “முடியாது அண்ணாத்தே. அடில வச்ச செங்கல்லு ஊட்ட வுட ஒசரமா பூச்சு. இதுக்கு மேல தூக்குனா ஊடு நிக்காது, பறக்கும்.”

“மழ வந்தா ராஜி பூடுவா நைனா.”

“எங்க?”

“மாங்காடு.”

“அது பள்ளமாச்சே,” என்றார் வேம்புலி, தொழில் அக்கறையோடு.

விழா நாள் வந்தது. தெருக் கோடியில் மேடை. நெட்டையான அந்த அம்மையாருக்குச் சந்தன மாலை போட்டு, பக்கத்தில் ஸ்வாதியை மொழிபெயர்க்க உட்கார வைத்தார்கள். ராகவன் மைக்கைப் பிடித்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“இன்னைக்கு இந்தத் தெருவுல யாரும் மேல இல்ல, யாரும் கீழ இல்ல. முன்னால எல்லாம் மழை பெஞ்சா சில வீட்டுக்குள்ள மட்டும்தான் தண்ணி போகும். அது எவ்வளவு பெரிய அநீதி. இனிமே அந்த நிலைமை கிடையாது. ஃபிளாட்டு, குடிசைன்னு வித்தியாசம் பாக்காம எல்லார் வீட்டுக்குள்ளயும் ஒரே அளவு தண்ணி போகும்படி செஞ்சிருக்கோம். மன்னிக்கணும், ஊக்குவிச்சிருக்கோம்.”

சொன்னது பலித்தது. முதல் இடி ஸ்பீக்கரிலேயே கேட்டது. தண்ணீர் எந்த வித்தியாசமும் பாராட்டாமல் சம்பந்தத்தின் சோபாவிலும் கோவிந்தனின் கட்டிலிலும் ஒரே உயரத்தில் ஏறியது. ஃப்ரிட்ஜ் சமையலறையிலிருந்து கூடத்துக்குத் திரும்பி வந்தது. கோவிந்தன் பக்கெட்டோடு நின்றார். ராஜம்மா பக்கெட்டைத் தொடவில்லை. பையில் இரண்டு புடவையை அடுக்கி, மேலே இட்லித் தட்டை வைத்தார். இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் சும்மா இரண்டு நாளைக்குப் போகிறவர்கள் அல்ல.

“ராஜி, மழ வுட்டதும் போயேன்.”

“மழ வுட்டா நா ஏன்யா போறேன்?”

அந்த நேரத்தில்தான் வாசலில் ஜேசிபி சத்தம் கேட்டது. நம் ஊரில் எந்த வேலைக்கும் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கேபிள் புதைக்கிறவர்கள் மட்டும், புது ரோடு போட்டு முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார்கள். முந்தின நாள் போட்ட ரோடு ஈரம் காய்வதற்குள், யாரோ ஒரு கேபிள் கம்பெனிக்காரர்கள் கொட்டும் மழையில் கோவிந்தன் வாசலை ஒட்டிப் பள்ளம் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். ஆழமாகத்தான் தோண்டினார்கள். எங்கேயும் மண் தட்டுப்படாததால் நிறுத்தத் தோன்றவில்லை.

பையோடு வாசலுக்கு வந்த ராஜம்மா நின்றார். வீட்டுக்குள்ளிருந்த தண்ணீர் அவர் காலைத் தாண்டிக்கொண்டு வெளியே ஓடிற்று. பள்ளத்தில் விழுந்து, அடியில் எங்கேயோ புதைந்து கிடந்த பழைய வடிகாலைக் கண்டுபிடித்து, ஏரிப் பக்கமாகக் கடகடவென்று போயிற்று. அவர் குனிந்து பார்த்தார்.

“யோவ். இங்க வா.”

கோவிந்தன் பக்கெட்டோடு வந்தார்.

“அத்தோ அடில தெர்து பாரு. நா வாக்கப்பட்டு வந்த அன்னைக்கு வழுக்கிப் பல்லு ஒடஞ்சிச்சே, அந்தப் படிய்யா.”

புது ரோட்டை வெட்டியவர்கள் மேல் வழக்குப் போட ராகவன் ஓடிவந்தார். அவருக்குக் குடை பிடிக்க ஸ்வாதி வந்தார். ஸ்வாதி போனதால் மொழி புரியாமல் தவித்த அம்மையாரும் பின்னாலேயே வந்து பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். கறுப்பு ஓர் அடுக்கு, சாம்பல் ஓர் அடுக்கு, மறுபடி கறுப்பு. அடுக்குகளுக்கு நடுவே செருப்புகள், பிளாஸ்டிக் டம்ளர்கள், பல கட்சிகளின் கொடிகள். ஆழத்தில் படிகள், படிகள், படிகள். அது என்ன என்று அவர் கேட்டார்.

ராகவன் திரும்பிப் பார்த்தார். நாங்கள் போட்ட ரோடுகள் என்று சொன்னால் விருது மேடையிலேயே நின்றுவிடும்.

“பண்டைய நாகரிகம்,” என்றார்.

அம்மையார் மழையில் மண்டியிட்டுவிட்டார். இத்தனை படி வைத்த இந்த வீடு யாருடையது என்று கேட்டார்.

“அரசன் வீடு,” என்றார் ராகவன்.

“சார், என்னுது சார்,” என்றார் கோவிந்தன்.

ஸ்வாதி ஒரு கணம் இயக்குநரைப் பார்த்தார். பிறகு, அந்த அரச வம்சத்தின் கடைசி வாரிசு இவர்தான் என்று மொழிபெயர்த்தார். அம்மையார் எழுந்து தன் கழுத்துச் சந்தன மாலையைக் கழற்றிக் கோவிந்தனுக்குப் போட்டார். கோவிந்தன் கைகூப்ப முடியவில்லை, பக்கெட் இருந்தது. ராஜம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, இட்லித் தட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, நடப்பதைப் பார்க்க வசதியாக நின்றார்.

பேரவை விருதை இரட்டிப்பாக்கியது. முகமையில் பண்டைய நிலைத்தன்மைப் பிரிவு என்று புதிதாக ஒன்று திறந்தார்கள். ஒரு ரோட்டைச் சுரண்டுவது வீண் என்று சொன்ன அதே முகமை, இப்போது அத்தனை ரோட்டையும் ஓர் அங்குலம் விடாமல், பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டிச் சுரண்டி எடுத்தது. வேகத்தடை ஒன்று கிடைத்தது, ‘பலிபீடம்’ என்று சீட்டு எழுதி வைத்தார்கள். பிளாஸ்டிக் டம்ளர் ‘சடங்குக் கோப்பை’ ஆயிற்று. கடைசியில் கோவிந்தனின் அப்பா காலத்துத் தெரு வெளியே வந்தது. ஏரியைப் பார்த்துச் சரிந்து கிடந்தது.

திறப்பு விழாவில் ராகவன் கண்ணீர் விட்டார். “பாருங்க. மழைத்தண்ணி தானா ஏரிக்குப் போகும்படி ஒரு தெரு. தண்ணி ஏறாத உயரத்துல ஒரு வீடு. இவ்வளவு அறிவு இந்த மண்ணுல இருந்திருக்கு. இதை யார் மூடினாங்க? எதுக்காக மூடினாங்க? கண்டுபிடிக்க ஒரு குழு அமைச்சிருக்கேன். பாரபட்சம் இல்லாம நடக்கணும்கிறதுக்காக நானே அதுக்குத் தலைவரா இருக்கேன்.”

அப்பா கட்டிய படிகள் அடியில் நாலு. அதன் மேல் வேம்புலி கட்டியவை சாரிசாரியாக. வீடு ஒரு சின்ன மலைக்கோவில் மாதிரி நின்றது. பார்க்க வருகிறவர்கள் அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். வெள்ளிக்கிழமைகளில் ராஜம்மா வழக்கம்போல் படிகளுக்கு மஞ்சள் குங்குமம் வைக்க, சிலர் கற்பூரமும் ஏற்றினார்கள். சம்பந்தத்தின் பால்கனியும் கோவிந்தனின் வாசலும் நேருக்கு நேராக அமைந்துவிட்டன. இரண்டு பேரும் அந்தரத்தில் நின்றபடியே காபித்தூள் கைமாற்றிக்கொண்டார்கள். முகமை ஏற்படுத்திய சமத்துவம் என்று கறாராகக் கணக்குப் பார்த்தால் அது ஒன்றுதான். அதை அவர்கள் எந்த அறிக்கையிலும் சேர்க்கவில்லை.

கீழே ஒரு பலகை வைத்திருந்தார்கள். ‘இங்கு வாழ்ந்த மக்கள் ஏன் மறைந்தார்கள் என்பது இன்னும் தெரியவில்லை.’ கோவிந்தன் அதில் துவைத்த கைலியைக் காயப்போட்டார்.

மறு வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. தண்ணீர் படிக்கட்டின் அடியோடு சலசலத்து ஏரிக்குப் போயிற்று. பக்கெட்டில் ராஜம்மா கறிவேப்பிலை நட்டிருந்தார்.

மழை விட்ட ஒரு காலையில் தெரு முனையில் ரோடு ரோலர் நின்றது. பின்னால் தார் லாரி. பண்டைய தெருவைப் பார்க்க வருகிறவர்கள் கால் சேறாகிறதென்று, அதன் மேல் ஒரு தார் ரோடு போட முகமை முடிவு செய்திருந்தது. மேல் படியிலிருந்து பார்த்த கோவிந்தன் உள்ளே ஓடினார்.

“ராஜி, மறுபடியும் வந்துட்டானுங்க. அந்த ஆறாவது மாடிக்குப் போய்ச் சொல்லிட்டு வரட்டா?”

“நீ எங்கயும் போவ வாணாம். டீயப் போடு.”

ராஜம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு அத்தனை படியும் இறங்கிப் போய் ரோலருக்கு முன்னால் நின்றார்.

“மொதல்ல செருப்பக் கயட்டு.”

ரோலர்காரர் விழித்தார். “இன்னாம்மா?”

“நீ நிக்கிற எடம் ரெண்டாயிரம் வர்சம் கீது. அத்தோ மேல, ராசா ஊடு. போர்டுல போட்டுக்கீறான், படிச்சிப் பாரு. இதும்மேல தாரு ஊத்துனவன் வம்சம் வெளங்காது. வெள்ளக்காரம்மாவுக்குத் தெரிஞ்சா கேசு வேற.”

ரோலர்காரர் பலகையைப் பார்த்தார். கைலி மறைத்திருந்ததால் ‘மறைந்தார்கள்’ என்ற சொல் மட்டும் தெரிந்தது. அண்ணாந்து படிகளைப் பார்த்தார். மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்தார். செருப்பைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ரோலரைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார்.

ராஜம்மா புடவையை உதறிக்கொண்டு திரும்பினார். உச்சிப்படியில் பனியனோடு நின்றிருந்த அரச வம்சத்தின் கடைசி வாரிசு கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“சீக்கிரம் வா ராஜி, டீ ஆறிகினு கீது.”